விளக்கைத் தணிக்கும் வித்தை

விளக்கை "அணை" என்று சொல்லலாகாது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் வகுத்த வழக்கு. "குளிர வை" என்பார்கள், "அமர்த்து" என்பார்கள். தானே அணைந்துபோனால் "மலையேறிவிட்டது" என்பார்கள். அரிக்கேன் விளக்கு இருந்த வீடுகளில் இன்னொரு சொல்லும் உண்டு: "திரியைத் தாழ்த்து." படுக்கப் போகும் வேளையில் பக்கத்துத் திருகைச் சற்றே திருப்பினால் திரி உள்ளே இறங்கும், சுடர் சுருங்கும், அறையில் இதமான அரையிருள் பரவும். 2012-இல் தமிழகமெங்கும் நீண்ட மின்வெட்டு நிலவியபோது பள்ளிச் சிறுவனாக இருந்த நான், என் பாட்டி அந்தத் திருகைத் திருப்பும் நேர்த்தியைப் பலமுறை கண்டிருக்கிறேன். எண்ணெயும் மிச்சம், கண்ணுக்கும் சுகம்.

இன்று நம் விடுதி அறைகளிலும், படிப்பகத்திலும், நம் மன்றம் நாடகம் போடும் அரங்கிலும் எரிபவை எல்.இ.டி. விளக்குகளே. 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய உஜாலாத் திட்டத்தின் கீழ் மட்டும் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் நாடெங்கும் வழங்கப்பட்டன. மின்சாரம் மிச்சமாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தப் புது விளக்குக்குத் திரியும் இல்லை, திருகும் இல்லை. இதன் ஒளியைக் கூட்டிக் குறைப்பது எவ்வாறு என்ற கேள்வி இவ்வாண்டு நம் மன்றத்துக்கு இரண்டு வழியாக வந்து சேர்ந்தது. பொங்கல் விழா நாடகத்துக்கு மேடை விளக்குகள் வாங்க வேண்டும் என்று நாடகக் குழுவினர் கேட்கிறார்கள். படிப்பகத்து மேசை விளக்கை மங்கலாக வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தால் தலை வலிக்கிறது என்று நண்பர்கள் சிலர் முறையிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு விஷயங்கள்போலத் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. செலவாகப் போவது நம் சந்தாப் பணம். வருந்துவது நம் கண். ஆகவே பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். வரலாறும் இலக்கியமும் பயிலும் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்; பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

எல்.இ.டி. என்பது இழையைப் பழுக்கக் காய்ச்சி ஒளி பெறும் விளக்கன்று. அது ஒரு டயோடு. அஃதாவது, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும் சிறு குறைகடத்தித் துண்டு. அதன் நடுவேயுள்ள சந்திப்பில் எலெக்ட்ரான்கள் வந்து விழும்போது அவை இழக்கும் சக்தி ஒளியாக வெளிப்படுகிறது. கண்ணுக்குப் புலனாகும் சிவப்பொளியைத் தரும் டயோடை அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் 1962-இல் செய்து காட்டினார். பிரகாசமான நீல ஒளிக்கு மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபெல் பரிசு கிடைத்தது. நம் மேசைமேல் இருக்கும் வெள்ளை விளக்கும் உள்ளுக்குள் நீல விளக்குத்தான். மேலே பூசப்பட்ட ஒளிர்பொருள் நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாகத் திருப்பித் தருகிறது. நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தோன்றுகின்றன.

இந்த டயோடுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தாமே விளங்கும். பழைய குண்டு பல்புக்கு மின் அழுத்தத்தைச் சிறிது குறைத்தால் அதன் மின்னோட்டமும் சிறிது குறையும். டயோடு அப்படிப்பட்டதன்று. அது நம் ஊர் ஏரியின் கலிங்கைப் போன்றது. கலிங்கு மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நீர் நிற்கும்வரை சொட்டு நீரும் வழியாது. மட்டத்துக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறிவிட்டாலோ வாய்க்கால் கரைபுரளும். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு அந்தக் கலிங்கு மட்டம் ஏறத்தாழ மூன்று வோல்ட்டுக்கு அருகில் இருக்கிறது. இரண்டு வோல்ட்டில் இருள். மூன்று வோல்ட்டை ஒட்டி நல்ல ஒளி. அங்கிருந்து வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு உயர்த்தினால் மின்னோட்டம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகத் தாவிவிடக்கூடும்.

இதோடு போயிற்றா? இல்லை. விளக்கு சூடேறச் சூடேறக் கலிங்கின் மட்டமே இறங்குகிறது. ஒரு டிகிரிக்குச் சில மில்லிவோல்ட் வீதம் இறங்குகிறது. அழுத்தத்தை மாறாமல் வைத்தால் என்ன ஆகும்? சூட்டினால் மட்டம் தாழும், மின்னோட்டம் கூடும், சூடு இன்னும் ஏறும், மட்டம் இன்னும் தாழும். தில்லியின் மே மாதத்தில் இந்தச் சுழல் எங்கே போய் முடியும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே எல்.இ.டி.யைப் பொறுத்தவரை கட்டிக் காக்க வேண்டியது மின் அழுத்தத்தையன்று; மின்னோட்டத்தை. அந்தக் காவல் வேலையைச் செய்யும் சிறு பெட்டிக்குத்தான் டிரைவர் என்று பெயர். மாறா மின்னோட்ட டிரைவர் என்று முழுப்பெயர் சொல்லலாம்.

அந்தப் பெட்டிக்குள் நடப்பது இதுதான். விளக்கு வரிசையோடு மிகச் சிறிய மின்தடை ஒன்றை இணைத்திருப்பார்கள். விளக்கில் 350 மில்லி ஆம்பியர் ஓடும்போது அந்தத் தடையின் இரு முனைகளுக்கிடையே 200 மில்லிவோல்ட் தோன்றும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறு சுற்று அந்த 200-ஐ ஓயாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கூடினால் ஒரு டிரான்சிஸ்டர் வாயிலைச் சற்று முன்னதாக மூடுகிறது. குறைந்தால் சற்று அதிக நேரம் திறந்து வைக்கிறது. இந்தத் திறப்பும் மூடலும் வினாடிக்கு லட்சக்கணக்கான முறை நடக்கின்றன. நடுவே உள்ள கம்பிச்சுருள் அந்தக் குதிப்புகளை எல்லாம் விழுங்கி, விளக்குக்குச் சீரான ஓட்டத்தைத் தருகிறது. மின்னோட்டம் சட்டென மாறுவதைக் கம்பிச்சுருள் விரும்பாது. அதன் இயல்பு அது. இந்தப் பிடிவாதம் பின்னால் ஓரிடத்தில் நமக்கு இடையூறாக வரப்போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, தணிப்பது எவ்வாறு? எவர்க்கும் முதலில் தோன்றுவது நேர்வழி: காவலனிடமே "350 வேண்டாம், 175 போதும்" என்று சொல்லிவிடுவது. அஃதாவது 200 மில்லிவோல்ட்டுக்குப் பதிலாக 100 மில்லிவோல்ட்டைக் குறியாக வைப்பது. மின்னோட்டம் பாதியாகிறது; ஒளியும் ஏறத்தாழப் பாதியாகிறது. ஏறத்தாழ என்றது ஏன் என்றால், எல்.இ.டி. குறைந்த மின்னோட்டத்தில் சற்றுக் கூடுதல் சிக்கனத்தோடு உழைப்பது. ஆகவே பாதி மின்னோட்டத்துக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலாகவே ஒளி கிடைக்கும். விளக்கில் துடிப்பு இல்லை, இரைச்சல் இல்லை, சூடும் குறைவு. இதுவே திரியைத் தாழ்த்துவதற்கு நேர் நிகரான முறை. படிப்பகத்துக்கு இதைவிட நல்லது வேறொன்றில்லை என்பது என் முடிவான கருத்து.

குறை எங்கே என்றால், அடிமட்டத்தில். நூற்றில் ஒரு பங்கு ஒளி வேண்டுமென்றால் குறி 2 மில்லிவோல்ட். ஆனால் உற்றுப் பார்க்கும் சுற்றின் சொந்தப் பிழையே இரண்டு மூன்று மில்லிவோல்ட் இருக்கக்கூடும். தங்கத்தை விறகுக் கடைத் தராசில் நிறுத்த கதைதான். ஒரே அலமாரியில் வாங்கிய பத்து விளக்குகளை நூறு பங்கில் எரியவிட்டால் பத்தும் ஒன்றுபோல் இருக்கும். ஒரு பங்குக்கு இறக்கினால் ஒன்று எரியும், ஒன்று மினுக்கும், ஒன்று இருண்டு கிடக்கும். அன்றியும் மின்னோட்டம் மாறும்போது டயோடின் நிறமும் இம்மியளவு மாறுகிறது. வெள்ளை விளக்கில் அதைக் கண்டுபிடிப்பது அரிது. சிவப்பு, பச்சை, நீலம் என்று கலந்து நிறம் உண்டாக்கும் மேடை விளக்கில், சிறப்பாகப் பச்சையில், தெரிந்துவிடும். வீட்டுப் படியிறங்கும் கண்ணகி திடீரென்று நோயாளிபோலத் தோன்றினால் நடிகையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது வழி சூழ்ச்சியுள்ளது. மின்னோட்டத்தின் அளவைத் தொடுவதே இல்லை. விளக்கு எரியும்போது முழு 350-இலேயே எரியும். ஆனால் பத்தில் ஒரு பங்கு நேரமே எரியும்; மீதி ஒன்பது பங்கு நேரம் அணைந்திருக்கும். இதை வினாடிக்கு ஆயிரம் முறை செய்தால் கண்ணுக்கு அணைவதும் எரிவதும் தெரியாது. சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு ஒளி மட்டுமே தெரியும். துடிப்பின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒளியை ஆள்வதால் இதைத் துடிப்பு அகல முறை எனலாம், கடைத்தெருவில் பி.டபிள்யூ.எம். என்று கேளுங்கள். எரியும் கணத்தில் மின்னோட்டம் எப்போதும் ஒன்றே ஆகையால் நிறம் மாறுவதில்லை. அடிமட்டத்திலும் விளக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். மேடைக்காரர்கள் இதை விரும்புவது இதனால்தான்.

இங்கேதான் கம்பிச்சுருளின் பிடிவாதம் குறுக்கிடுகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட் வழங்கல், இரண்டு எல்.இ.டி.கள் வரிசையில், ஆக 6 வோல்ட். கம்பிச்சுருள் 100 மைக்ரோஹென்றி. சுருளின் மேல் விழும் அழுத்தம் மிச்சமுள்ள 6 வோல்ட். அப்படியானால் மின்னோட்டம் மைக்ரோ வினாடிக்கு 60 மில்லி ஆம்பியர் வீதந்தான் ஏற முடியும். 350-ஐத் தொட ஏறத்தாழ 6 மைக்ரோ வினாடி ஆகும். வினாடிக்கு ஆயிரம் துடிப்பு என்றால் ஒரு துடிப்பின் முழு நீளம் ஆயிரம் மைக்ரோ வினாடி. நூற்றில் ஒரு பங்கு ஒளிக்கு விளக்கு 10 மைக்ரோ வினாடி எரிய வேண்டும். அதில் பாதிக்கு மேல் படியேறவே சரியாய்ப் போகிறது. ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கிடைப்பது ஒரே மைக்ரோ வினாடி. மின்னோட்டம் 60-ஐத் தொடுவதற்குள் "அணை" என்ற ஆணை வந்துவிடுகிறது. எனவே கேட்டதில் சிறு பகுதி ஒளிதான் கிடைக்கும். துடிப்பை வேகப்படுத்த வேகப்படுத்த இந்த இடர் பெருகும். வேகமும் வேண்டும், ஆழ்ந்த இருளும் வேண்டும் என்றால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும்.

இதற்கும் ஒரு மாற்று கண்டிருக்கிறார்கள். மின்னோட்டத்தை நிறுத்தாதே, வழியை மட்டும் மாற்று! விளக்கு வரிசைக்குப் பக்கவாட்டில் ஒரு டிரான்சிஸ்டரை வைத்து, அணைக்க வேண்டிய கணத்தில் அதைத் திறந்துவிடுகிறார்கள். 350 மில்லி ஆம்பியரும் விளக்கை விட்டு அந்தக் குறுக்கு வழியில் ஓடிவிடுகிறது. விளக்கு அணைகிறது, சுருளில் ஓட்டம் நிற்கவே இல்லை. டிரான்சிஸ்டரை மூடியதும் முழு ஓட்டமும் மறுபடி விளக்குக்கு வருகிறது. ஏறும் நேரம், இறங்கும் நேரம் என்ற பேச்சே இல்லை. இருட்டிலும் ஓட்டம் ஓடிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் மின்சாரம் வீணாகும். அது இதற்குக் கொடுக்கும் விலை. டிரைவரின் வெளிவாயிலில் பெரிய மின்தேக்கி இருந்தால் இந்த முறை உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் குறுக்கு வழி திறந்ததும் தேக்கியில் சேர்ந்ததெல்லாம் அதன் வழியே கொட்டிவிடும்.

மின்தேக்கி என்றதும் சென்ற ஆண்டு ஒத்திகையில் நிகழ்ந்தது நினைவுக்கு வருகிறது. மேடை அலங்காரத்துக்கு வாங்கும் ஒளிநாடாவுக்கென்று சிறு தணிப்பான் ஒன்று சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு குமிழைத் திருப்பினால் நாடா மங்கும். நாடா 12 வோல்ட் மாறா அழுத்தத்தில் எரிவது. அதன் ஒவ்வொரு துண்டிலும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தத் தடை பதித்திருப்பார்கள். ஆகவே நாடாவுக்கு அந்தத் தணிப்பான் முற்றிலும் பொருத்தமானது. நாடகக் குழுவுக்கு உதவ வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் அதையே மாறா மின்னோட்ட டிரைவருக்கும் மேடை விளக்குக்கும் இடையில் இணைத்துவிட்டார். குமிழைத் திருப்பினார், விளக்கு மங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் "டப்" என்றது. விளக்கு மலையேறிவிட்டது.

நடந்தது என்ன? அந்தத் தணிப்பான் துடிப்பு அகல முறையில் கம்பியை அறுத்து அறுத்து இணைக்கிறது. அறுபட்ட ஒவ்வொரு கணத்திலும் டிரைவர், "என் 350 எங்கே?" என்று தேடுகிறது. மின்னோட்டம் இல்லாததைக் கண்டு அழுத்தத்தை உயர்த்துகிறது. தன்னால் முடிந்த உச்சம்வரை உயர்த்தப் பார்க்கிறது. வெளிவாயிலிலுள்ள மின்தேக்கி அந்த உயர்ந்த அழுத்தத்தில் நிரம்பி நிற்கிறது. மறுகணம் கம்பி இணைந்ததும் தேக்கியிலுள்ளது முழுவதும் விளக்கின்மேல் பாய்கிறது. கலிங்கு உவமையை நினைத்துப் பாருங்கள்: இரண்டு விரற்கடைக்கே கரைபுரளும் வாய்க்காலில் மதகை ஒரேயடியாகத் தூக்கிவிட்டது போல! வினாடிக்குப் பல நூறு முறை இந்த அடி விழுந்தால் எந்த விளக்கு தாங்கும்? மாறா மின்னோட்ட டிரைவரின் பின்னால் எதையும் அறுக்கலாகாது. தணிக்க வேண்டுமானால் டிரைவரிடமே சொல்ல வேண்டும். அதற்கென்று தனிக் கம்பி உள்ள டிரைவராகப் பார்த்து வாங்க வேண்டும்.

இனிப் படிப்பகத்துத் தலைவலிக்கு வருவோம். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதை ஒரு திசைப்படுத்தினால் வினாடிக்கு 100 முறை உயர்ந்து தாழும். டிரைவரில் நல்ல மின்தேக்கி இருந்தால் அந்தப் பள்ளங்களை அது நிரப்பிவிடும். மலிவுக்காக அதைச் சுருக்கினாலோ விட்டுவிட்டாலோ பள்ளம் அப்படியே ஒளியில் தெரியும். டிரைவரைத் தனியாக வைக்காமல் விளக்குத் தகட்டிலேயே பதித்த மலிவு விளக்குகள் சிலவற்றில் இதைக் காணலாம். தெரியும் என்றேன், கண்ணுக்குத் தெரியாது, மூளைக்குத் தெரியும். 1989-இல் இங்கிலாந்தில் ஆர்னால்டு வில்கின்ஸும் அவருடைய துணைவரும் ஓர் அலுவலகத்தில் சோதனை செய்தார்கள். வினாடிக்கு 100 முறை துடிக்கும் குழல் விளக்குகளுக்குப் பதிலாக, பல்லாயிரம் முறை துடிக்கும் மின்னணுச் சாதனம் பொருத்திய அதே வகைக் குழல் விளக்குகளை அமைத்தபோது, பணியாளர்களின் தலைவலியும் கண்வலியும் சராசரியில் பாதிக்கும் கீழே இறங்கின. எந்த விளக்கின் கீழ் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. ஆகவே நம் நண்பர்களின் முறையீட்டை "படிக்கச் சோம்பல்" என்று தள்ளிவிடுவது நியாயமன்று.

எவ்வளவு துடிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐ.இ.இ.இ. என்ற பொறியியலாளர் சங்கம் 2015-இல் 1789 என்ற எண்ணுள்ள பரிந்துரையை வெளியிட்டது. ஒளியின் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அது துடிப்பின் சதவீதம். துடிப்பு வினாடிக்கு 90-க்கு மேல் இருந்தால், அந்த வேகத்தை 0.08-ஆல் பெருக்கினால் வரும் எண்ணுக்குள் சதவீதம் அடங்க வேண்டும்; அடங்கினால் தீங்கு குறைவு. நம் 100-க்கு வரம்பு வெறும் 8 சதவீதம். முழுமையாக அணைந்து எரியும் விளக்கின் துடிப்பு 100 சதவீதம். அதற்கு வினாடிக்கு 1250 முறையாவது துடிக்க வேண்டும். விளைவு ஏதும் புலப்படவே கூடாது என்றால் 3000-க்கு மேல் போக வேண்டும். துடிப்பு அகல முறையில் பள்ளம் எப்போதும் சுழிதான். ஆகவே அந்த முறையில் தணிக்கும் எந்த விளக்கும் 1250-ஐத் தாண்டியே தீர வேண்டும். சந்தையில் உள்ள மலிவுத் தணிப்பான்களில் சில நூறுகளிலேயே நின்றுவிடுபவை உண்டு.

சென்ற மாதம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒளியுணர் டயோடு ஒன்றையும் கைக்கடக்கமான அலைகாட்டி ஒன்றையும் அனுமதி பெற்று எடுத்துச் சென்று படிப்பகத்து விளக்குகளின் கீழே வைத்துப் பார்த்தேன். இரண்டு வகை விளக்குகள் இருக்கின்றன. வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது. சன்னலோரத்து வரிசையில் கோடு ஏறத்தாழ நேராக ஓடியது. நடு வரிசையில் தணிப்புக் குமிழைத் திருப்பியதும் கோடு சீப்பின் பற்கள்போல ஆகிவிட்டது. ஒவ்வொரு பல்லும் அடிவரை இறங்கியது. வேகம் சில நூறுக்குள்தான். முறையிட்ட நண்பர்கள் உட்காரும் இடம் எது என்று பிறகு விசாரித்தேன். நால்வரில் மூவர் நடு வரிசை. நான்கு பேரை வைத்து விஞ்ஞான முடிவு சொல்லிவிட முடியாதுதான். ஆயினும் நடு வரிசையில் உட்காருவோர் குமிழை முழுவதும் ஏற்றி வைத்துக்கொள்வதே நல்லது; ஒளி மிகுதியாகப் பட்டால் விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளலாம். முழு ஒளியில் அந்த விளக்குகள் துடிப்பதில்லை.

கருவி இல்லாமலும் சோதிக்கலாம். விளக்கின் கீழ் ஒரு பென்சிலை விசிறிபோல வேகமாக ஆட்டுங்கள். துடிக்காத ஒளியில் பென்சில் ஒரே மங்கலான புகைப்படலமாகத் தெரியும். துடிக்கும் ஒளியிலோ பத்துப் பன்னிரண்டு பென்சில்கள் தனித்தனியே நிற்பதுபோலத் தெரியும். கைப்பேசிக் காமிராவைக் காட்டினால் திரையில் கரும்பட்டைகள் ஊரும். நம் விழாக்களைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பும் நண்பர்கள் அந்தப் பட்டைகளை நன்கு அறிவார்கள். காமிராவைப் பழித்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

மூன்றாவதாக, சுவரிலே பதித்த பழைய ரெகுலேட்டரைக் கொண்டு தணிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நம் அரங்கிலேயே அப்படி ஒரு வரிசை இருக்கிறது. அது மின் அலையின் ஒவ்வொரு பாதியிலும் முன்பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்புவது. குண்டு பல்பின் இழைக்குச் சூடு உடனே ஆறாது. ஆகவே வெட்டு தெரியாது. அந்த ரெகுலேட்டருக்குள் இருக்கும் டிரையாக் என்ற சாதனம் திறந்த நிலையில் நிற்க வேண்டுமானால் குறிப்பிட்ட அளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 60 வாட் பல்புக்கு அது பொருட்டன்று. 9 வாட் எல்.இ.டி. அவ்வளவு இழுப்பதில்லை; இழுப்பதையும் அலையின் உச்சியில் மட்டும் விட்டுவிட்டு இழுக்கிறது. டிரையாக் திறந்து திறந்து மூடும்; விளக்கு கண் சிமிட்டும்; சில சமயம் வண்டுபோல ரீங்காரமிடும். இந்த வெட்டை அறிந்து நடந்துகொள்ளும் டிரைவர்களும் இருக்கின்றன. உறையில் அப்படிப் பொறித்திருப்பார்கள். பொறிக்காத விளக்கை அந்த வரிசையில் மாட்டாதீர்கள். மின்விசிறி ரெகுலேட்டரில் மாட்டிப் பார்ப்பவர்களுக்கும் இதுவே விடை.

மேடைக்கு இன்னொரு நுட்பம் வேண்டும். நம் கண் ஒளியைக் கணக்கன்போல அளப்பதில்லை. ஒளியைச் சரிபாதியாக்கினால் "சற்று மங்கிற்று" என்றுதான் கண் சொல்லும். பாதி வெளிச்சம் என்று கண்ணுக்குப் படவேண்டுமானால் ஒளியை நூற்றுக்குப் பதினெட்டுக்கு இறக்க வேண்டும். ஆதலால் குமிழைச் சீராகத் திருப்பினால் மேல்பாதியில் ஒன்றுமே நடவாததுபோலவும் கீழ்ப்பாதியில் எல்லாம் ஒரேயடியாக நடப்பதுபோலவும் தோன்றும். மேடை விளக்குகளுக்கு ஆணையிடும் டி.எம்.எக்ஸ். முறை 1986-இல் வகுக்கப்பட்டது. ஒரு விளக்குக்கு 0 முதல் 255 வரை படிகள் தருவது. 255-இலிருந்து 254-க்கு இறங்குவது எவர் கண்ணுக்கும் தெரியாது. 2-இலிருந்து 1-க்கு இறங்கினாலோ ஒளி பாதியாகிவிடுகிறது. படபடவென்று படியில் இடறி இறங்குவதுபோலத் தெரியும். சோகக் காட்சியில் மெல்ல இருள் சூழ வேண்டிய நேரத்தில் இது நிகழ்ந்தால் பின்வரிசையில் சீட்டியடிப்பார்கள். நல்ல விளக்குகளில் இந்த 256 படிகளையும் உள்ளே இன்னும் பல ஆயிரம் படிகளாகப் பிரித்து, கண்ணின் போக்குக்கேற்ப வளைத்துத் தருகிறார்கள். நூறிலிருந்து பத்து வரை மின்னோட்டத்தைக் குறைத்தும், அதற்குக் கீழே துடிப்பைச் சுருக்கியும், இரண்டு முறைகளையும் சேர்த்து ஆளும் டிரைவர்களும் உண்டு. விலை கொஞ்சம் கூடுதல்.

ஒன்று மட்டும் எந்த முறையிலும் கிடைக்காது. குண்டு பல்பு மங்கும்போது செந்நிறம் பூண்டு மாலை வெயில்போல ஆகும்; எல்.இ.டி. மங்கினாலும் அதே வெள்ளைதான். அந்தச் சிவப்பு வேண்டுமென்றால் வெண்மையும் மஞ்சளுமான இரண்டு வரிசைகளை உள்ளே வைத்து, மங்க மங்க மஞ்சளை மிகுத்துக் காட்டும் விளக்கு வாங்க வேண்டும். இது ஆடம்பரம், இவ்வாண்டு நம் பணப்பெட்டி தாங்காது.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு: சாந்தினி சௌக்கின் பகீரத் பேலஸ் கடைகளிலும், செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் சந்தையிலும் எல்லாம் கிடைக்கும். "தணிக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டால் எல்லாக் கடைக்காரர்களும் "சலேகா" என்று தலையாட்டிவிடுவார்கள். எந்த முறையில் என்று கேளுங்கள். படிப்பகத்துக்கு மின்னோட்டத்தைக் குறைக்கும் டிரைவர். 0 முதல் 10 வோல்ட் வரை ஆணை வாங்கும் இரண்டு மெல்லிய கம்பிகள் இருந்தால் ஒரே குமிழால் ஒரு வரிசை முழுவதையும் ஆளலாம். ஆனால் அந்த இரண்டு கம்பிகள் இருந்துவிட்டதாலேயே உள்ளே மின்னோட்டந்தான் குறைகிறது என்று நம்பிவிடாதீர்கள். ஆணையை அப்படி வாங்கிக்கொண்டு உள்ளே துடிப்பாகத் தருபவையும் இருக்கின்றன. ஒவ்வொரு விளக்குக்கும் தனி முகவரி கொடுத்து 64 வரை இணைக்கும் டாலி முறையும் உண்டு. நமக்கு அது தேவையில்லை. மேடைக்குத் துடிப்பு முறை. வேகம் 3000-க்கு மேல் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் பென்சிலைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். கடையிலேயே விளக்கைப் பாதியளவு தணிக்கச் சொல்லி ஆட்டிப் பாருங்கள். கடைக்காரர் விநோதமாகத்தான் பார்ப்பார்.

ஒளியுணர் டயோடை இம்மாத இறுதிவரை என்னிடம் வைத்துக்கொள்ள இசைந்திருக்கிறார்கள். வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை பத்து மணி முதல் மன்ற அறையில் இருப்பேன். தங்கள் மேசை விளக்கைச் சோதிக்க விரும்பும் நண்பர்கள், விளக்கோடு அதன் தணிப்பானையும் மறவாமல் கொண்டுவரவும். தணிப்பான் இல்லாமல் விளக்கை மட்டும் சோதித்துப் பார்த்துச் சொல்வதற்கு ஒன்றும் இராது.